அராவிய பெயர்

“வெள்ளி அசல்தான். ஆனா இது உங்க அப்பாவோடதுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

அருங்காட்சியகத்துக்கு வரும் பொருட்களைச் சோதிக்கும் உஸ்தாத் வஹீப் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார். இஃப்பத் மேசைமேல் குனிந்தாள்.

போர்ட் சயீதில் அவள் தெரு முழுக்க விஷயம் தெரியும். வியாழக்கிழமை துறைமுக அருங்காட்சியகம் திறக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன் எரிந்து மூழ்கிய கப்பலிலிருந்து பதினோரு பேரைக் கரைசேர்த்த ரஜபின் வெள்ளிப் பதக்கம் அங்கே சுவரில் ஏறப்போகிறது, கீழே அவர் பெயரோடு. ரஜபின் மகளான அவள், ரொட்டிக் கடைக்காரர் முதல் பள்ளிவாசல் இமாம் வரை எல்லோரையும் அழைத்தாயிற்று. வஹீபின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அது லேசில் விழாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மனுஷன் எடை போட்டார். விரல் நுனியில் நிறுத்திச் சுண்டி ஓசை கேட்டார். அரசு முத்திரையைத் தேடிப் பிடித்தார். நடுநடுவே திட்டு வேறு. நேற்று அவள் எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தாள்.

“அந்தக் கறுப்புதாம்மா இதோட வயசு. அதைப் போய்க் கழுவிட்டு வந்திருக்கீங்க.”

விசேஷத்துக்குப் போகிற பொருளை அழுக்காகவா அனுப்புவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வஹீப் பதக்கத்தை விளக்கடியில் சாய்த்து விளிம்பைக் காட்டினார். பதக்கம் வாங்கியவர் பெயரை அங்கேதான் அடிப்பார்கள். அந்த இடத்தில் யாரோ அரம் போட்டு அராவியிருந்தார்கள்.

“திருட்டுப் பதக்கத்துலதான் இப்படிப் பண்ணுவாங்க. அழிஞ்ச பேரு யாரோடதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது. மேலிடத்துக்கும் எழுதியாகணும்.”

அப்பா திருடரா? அவர் இதை ஒரு நாளும் சட்டையில் குத்திக்கொண்டதில்லை, இதைப் பற்றிப் பேசியதும் இல்லை என்பது இப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. டீத்தூள் டப்பாவிலேயே கிடந்து கறுத்த பதக்கம் அது.

வஹீப் விளிம்பின் மேல் வாயால் ஊதினார். ஆவி படிந்து விலகும்போது பழைய எழுத்தின் தழும்பு தெரியுமாம். மூன்று முறை ஊதிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரஜப். அழிஞ்ச பேரு ரஜப்தான்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் விடவில்லை.

“ஆனா பக்கத்துல கத்தி முனையால வேற பேரு கீறியிருக்கு. கறுப்புல மறைஞ்சு கிடந்திருக்கு. ஷுக்ரி. யாரது?”

ஷுக்ரி அப்பாவோடு அந்தக் கப்பலுக்குள் முக்குளித்தவர். மேலே வரவில்லை. செத்தவர் வந்து பெயர் கீற முடியாது. ஆனால் அவர் மகன் பத்ரி இருக்கிறானே. பத்து வயதில் பள்ளி விழாவுக்கென்று இதை இரவல் வாங்கிப் போய் ஒரு வாரம் வைத்திருந்தவன். இன்றும் அவளைத் தன் டாக்ஸியில் ஏற்றி வந்து வாசலில் காத்திருக்கிறான்.

அவனை உள்ளே கூப்பிட்டாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“எங்கப்பா பேரை அராவிட்டு உங்கப்பா பேரைக் கீறினது நீதானே? எங்க வீட்டுச் சோத்துல வளர்ந்த கை. வெள்ளிக்கிழமையானா முதல் தட்டு உங்க வீட்டுக்குத்தான் போகும். அதுக்காக எங்கம்மா எங்கப்பாவோட எவ்வளவு சண்டை போட்டிருக்கா, தெரியுமா?”

பத்ரி பதக்கத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நரைத்த தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“நான்தான்க்கா. சின்ன வயசு, புத்தியில்ல. உஸ்தாத், அப்படியே எழுதிக்குங்க. ரஜப் சித்தப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அவர் பேரையே போட்டுருங்க.”

இனிமேல் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று இஃப்பத் சொன்னாள். அதற்கும் அவன் தலையாட்டினான்.

வஹீப் பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் மறுபடி விளிம்பைப் பார்த்தார்.

“ஒரு சந்தேகம்பா. பேருக்குக் கீழ மூணு கோடு போட்டிருக்கியே, எதுக்கு?”

பத்ரி வாசல் பக்கம் பார்த்தான். இஃப்பத் கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள்.

மூன்று கோடு. நடுக்கோடு மட்டும் நீளம். அப்பாவின் மீன்பெட்டியில் அது உண்டு. வீட்டு நாற்காலிகளின் அடியில் உண்டு. அவளுக்காக அவர் செய்த தொட்டிலிலும் உண்டு. தன் கையால் செய்த எதிலும், வேலை முடிந்ததும் அவர் போடுகிற கோடு.

அவள் பத்ரியின் பக்கம் திரும்பினாள்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“பள்ளிக்கூடத்துக்கு இதை எனக்குக் குத்திவிட்டாரே, அன்னைக்கு. ‘பதினோரு பேரையும் உள்ளேயிருந்து ஏத்திவிட்டது உங்கப்பன். நான் கையை நீட்டி வாங்கினேன், அவ்வளவுதான்’னார். நீங்கல்லாம் பெருமையா இருக்கீங்க, வீட்டுல சொல்லிடாதேன்னும் சொன்னார்.”

இஃப்பத்துக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வஹீப் பேனாவோடு காத்திருந்தார். “அப்போ கீழ எந்தப் பேரைப் போடட்டும்மா?”

வியாழக்கிழமை தெருவே திரண்டு வரும். அவள் முக்காட்டு நுனியால் விளிம்பை மெல்லத் துடைத்தாள்.

“அதான் எங்கப்பா அப்பவே எழுதி வெச்சிட்டாரே, உஸ்தாத். அதையே போடுங்க.”