பச்சை விளக்கு

சவரிமுத்துவின் முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில் பொதித்த மருந்துச் சில்லு எப்போதும் பச்சையாகவே எரிந்தது. குடித்தால்தான் சிவக்கும். குடிக்கும் ஆசையை அது சுத்தமாக அடக்கிவிட்டது. ஆனாலும் துறைமுகத்தில் வேலை முடிந்ததும் கால் மட்டும் மதுக்கடைக்கே போனது. எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடை வாசலில் நின்று விழித்தான்.

"மருந்து வேலை செய்யலையோ மேடம்?" என்று, வாராவாரம் அவனோடு பேசும் ஆலோசகர் மெர்சியிடம் கேட்டான்.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. மிச்சத்த நாமதான் பேசிக் கண்டுபிடிக்கணும். முன்னாடி குடிச்சிட்டு வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்?"

"எம் பொண்டாட்டி ஜெபமாலை வாசல்லயே நிறுத்தி ஊதச் சொல்லுவா. மூஞ்சிகிட்ட மூஞ்சி வச்சு மோந்து பாப்பா. அப்புறம் ஏச்சுதான்."

"இப்ப?"

"இப்ப கையில லைட்டப் பாத்துட்டு உள்ள போயிருதா."

சொன்னவன் அந்த விளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். ஏன் என்றுதான் விளங்கவில்லை. ஏச்சு வாங்கவா ஒருத்தன் ஏங்குவான்?

அன்று நேராக வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த ஜெபமாலை வழக்கம்போல் அவன் கையைப் பார்த்தாள். அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டு விளக்கை மறைத்தான்.

"எதுக்கு மறைக்க? குடிச்சியா?" என்றாள்.

"நீயே பாரு," என்று வாயைத் திறந்து ஊதினான்.

அவள் கிட்டே வந்தாள். முகர்ந்து பார்த்த பிறகும் விலகிப் போகவில்லை.