போனுக்குக் காது அடைத்த கதை

ஒரு காரில் ஒரு போனும் ஒரு தோல் சீட்டும் இருந்தன. ஒருநாள் கார்க் கண்ணாடிகளில் பளபளவென்று உலோகச் சன்ஃபிலிம் ஒட்டினார்கள். வெயிலில் வெடித்துக்கொண்டிருந்த சீட்டுக்கு உயிர் வந்தது. போனுக்கோ காது அடைத்துப்போனது.

"டவர் கூப்பிடுவது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் வழி விடேன்" என்று அது ஃபிலிமிடம் கெஞ்சியது.

"வருவதை மறிக்கத்தான் என்னை ஒட்டியிருக்கிறார்கள். வெயிலா டவரா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது" என்றது ஃபிலிம்.

"உனக்குக் கேட்காவிட்டால் என்ன? என் தோல் பிழைத்ததே!" என்றது சீட்டு.

போனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலைக்கு வந்தவன் நான்! என் வாயில் மண் விழுந்து கிடக்க, இந்தச் சீட்டுக்குக் குளுகுளுவென்று இருக்கிறதாம்!"

அன்று கார்க்காரர் கதிரேசன் மகளை அழைத்துவர ரயிலடிக்குப் போனார். அவர் காருக்குள்ளேயே முன்வாசலில் காத்திருக்க, மகள் தேனம்மை பின்வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றும் போனுக்கு எட்டவில்லை. கடைசியில் அவளே பெட்டியை இழுத்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் சுற்றிவந்து காரைக் கண்டுபிடித்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் அப்பா!"

"அடிக்கவே இல்லையேம்மா."

சீட்டில் சாய்ந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா, என்ன குளுமை! ஃபிலிம் ஒட்டினது நல்லதாப் போச்சு. அந்தப் போனைத்தான் முதல்ல மாத்துங்க."

"அடிப்பாவி, உன்னை வெயிலில் நிறுத்தியதே அந்த ஃபிலிம்தான்!" என்று போன் துடித்தது.

கதிரேசன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஏற்ற வெளியே இறங்கினார். அடைத்த காது திறந்தது. வராத அழைப்புகளின் செய்திகளையெல்லாம் போன் ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தது.

"இப்ப எதுக்குக் கத்துறே?" என்று அவர் அதன் சத்தத்தையும் அணைத்துவிட்டார்.