வாயைப் பொத்திய விருந்தாளி

ஹில்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "மேஷு, மேஷு" என்றாள்.

வேண்டாம், வேண்டாம் என்று எங்கள் பேச்சிலேயே சொல்கிறாள். நான் கரண்டியை இழுத்துக்கொண்டேன்.

அவளைக் கூட்டி வந்த வழிகாட்டி நாம்கே வாசலிலேயே சொல்லியிருந்தான். "அக்கா, வெளிநாட்டுக்காரங்க வேண்டாம்னா வேண்டாம்தான். நம்மாளுங்கள மாதிரி வற்புறுத்திடாதீங்க. எழுதி மானத்த வாங்கிருவாங்க."

இவள் இணையத்தில் எங்களைப் பற்றி எழுதுவதைப் பொறுத்துத்தான் அடுத்த பருவத்தில் பணம் கட்டித் தங்க எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். வராவிட்டால் என் கணவர் மறுபடியும் திம்புவுக்கு டாக்சி ஓட்டப் போய்விடுவார். அதனால் வற்புறுத்தாமல் சட்டியை அடுப்பருகே வைத்தேன்.

சிவப்பரிசிச் சோறு, சட்டியில் காய்ந்த பன்றிக்கறியோடு மிளகாயும் பாலாடைக்கட்டியும் குழைந்து கொதித்த எமா தட்ஷி. காலையிலிருந்து மலையேறி வந்தவள் வேண்டாம் என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவள் கண் சட்டியோடு போனது. வயிறு வேறு சத்தம் போட்டது.

அப்போதுதான் உறைத்தது. நார்வேக்காரிக்கு மேஷு எப்படித் தெரியும்?

வேண்டுமா என்று கேட்டவுடன் வாங்கிக்கொள்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. முதலில் வாயைப் பொத்தி மறுக்க வேண்டும், வீட்டுக்காரி விடாமல் கெஞ்ச வேண்டும். அவளுக்கு மறுக்கச் சொல்லிக்கொடுத்தவன்தான் என்னிடம் கெஞ்சாதே என்றிருக்கிறான்.

நாம்கேவைப் பார்த்தேன். அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன முறை இவன் கூட்டி வந்தவர்களும் தலையாட்டி மறுத்துவிட்டு அரைவயிற்றோடுதான் எழுந்தார்கள். மிச்சத்தை வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டவன் இவன்.

படுபாவி.

சட்டியோடு ஹில்டாவிடம் திரும்பினேன். கேட்டேன், பொத்தினாள். மறுபடி கேட்டேன், கை தளர்ந்தது. மூன்றாவது முறை நான் வாய் திறக்கும் முன்பே கிண்ணத்தை நீட்டிவிட்டாள். காரத்தில் கண்ணீர் வழிய வழிய, சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அடுத்து நாம்கே. நல்ல கொழுப்புத் துண்டாகப் பார்த்து அள்ளி அவன் முன் நீட்டினேன்.

பெற்றவள் வளர்த்த வளர்ப்பு எங்கே போகும்? அவன் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

"மேஷு, மேஷு அக்கா."

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.