முனை உடைந்த ஸ்கேல்

கெட்டவராக நடிக்க யார் வருகிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டதும், அரங்கில் இருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

பாதிக்கப்பட்டவராக நடிக்க மட்டும் பதினோரு கைகள் உயர்ந்திருந்தன. அதில் முதல் கை என்னுடையது. அந்த வேடம் எனக்கே கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் பாகுபாடு ஒழிப்புப் பயிற்சி. பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதே துணைப் பதிவாளராகிய நான்தான். பயிற்சி முடிந்ததும் பாகுபாடு தடுப்புக் குழுவுக்குத் தலைவர் யார் என்று பதிவாளர் அறிவிப்பதாக இருந்தது. அந்த நாற்காலிக்கு நான் மூன்று மாதமாகத் துண்டு போட்டு வைத்திருந்தேன்.

ஆனால் காலையிலிருந்தே நேரம் சரியில்லை. மேசையில் இருந்த என் ஓரடி ஸ்கேலைக் காணவில்லை. மஞ்சள் நிறம், ஒரு முனை உடைந்தது. கோடு போட, முதுகு சொறிய, தாள்களை நகர்த்த, எல்லாவற்றுக்கும் அதுதான். அது இல்லாவிட்டால் எனக்குக் கையே ஓடாது.

கெட்டவருக்கு ஆள் கிடைத்தபாடில்லை. கணக்கு அதிகாரிக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். வேதியியல் பேராசிரியர் தன் முகத்துக்குக் கொடுமை ஒட்டாது என்றார். விடுதிக் காப்பாளர் தனக்குக் கோபமே வராது என்று கோபமாகச் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து மாடியக்கா எழுந்தார். எங்கள் மாடியைப் பெருக்கித் துடைப்பவர் என்பதால் மாடியக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. வேண்டுமானால் தான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே, தோளில் தொங்கிய துணிப்பையோடு மேடைக்கு வந்துவிட்டார்.

பாவம், இவருக்கு என்ன நடிப்பு வரும் என்று நினைத்தேன். அப்படியானால் என் நடிப்புதான் எடுபடும் என்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

காட்சி இதுதான். அவர் மேடையில் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. நான் விடுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்த ஊழியன்.

முதுகை வளைத்து, கையைப் பிசைந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். காலை இழுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

மாடியக்கா நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அவர் கண்ணாடியே போட்டிருக்கவில்லை, ஆனாலும் அது இறங்கியது. இல்லாத கைப்பேசியைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். இல்லாத கோப்பையை எடுத்து உறிஞ்சினார். அப்புறம்தான் ஒரு "ம்" வந்தது.

அரங்கம் அதிர்ந்தது.

இது யார் என்று எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சாட்சாத் கணக்கு அதிகாரிதான். முன்வரிசையில் இருந்த அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவரும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மனுஷனுக்கு உறைக்கவே இல்லையே என்று பரிதாபப்பட்டேன்.

சிரிப்பு கூடக் கூட எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காலை இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

மாடியக்கா என் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சரி, எதுவோ ஒன்று என்று கையை வீசினார். சீட்டை நீட்டினேன். நாற்காலியோடு ஒரு சாண் பின்னால் போனார்.

"அங்கயே நில்லு. பேப்பரை மேசை ஓரத்துல வச்சிட்டுத் தள்ளிப் போ."

வைத்தேன். தள்ளிப் போனேன். கண்ணில் கொஞ்சம் ஈரம்கூட வரவழைத்துவிட்டு, பதிவாளர் கவனிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாடியக்கா துணிப்பைக்குள் கைவிட்டு அதை எடுத்தார்.

மஞ்சள் நிறம். ஒரு முனை உடைந்தது.

தாளில் விரல் படாமல், அந்த ஸ்கேலின் நுனியால் என் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார். அதே நுனியால் திருப்பித் தள்ளினார். சீட்டு மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது.

என் அறையில் நான் தள்ளிவிடும் அவருடைய சீட்டும் எப்போதும் தரையில்தான் விழும். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாளும் அது எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை.

இப்போது நான் குனிந்தேன். இழுத்த கால் தானாகச் சரியாகிவிட்டது. காது இரண்டும் கொதித்தன. வெட்கத்தில் நிமிரவே மனம் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, கணக்கு அதிகாரிக்குக்கூட. தெரியாதவன் நான் ஒருவன்தான்.

வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. பாதிக்கப்பட்டவர் கடைசியில் முகத்தில் காட்டிய உணர்ச்சி அபாரம் என்று கைதட்டினார்.

பதிவாளர் கையில் வைத்திருந்த அறிவிப்புத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாடியக்கா எழுந்து வந்து ஸ்கேலை நீட்டினார். பழக்கதோஷம், என் விரல் தானாக மேசை ஓரத்தைக் காட்டியது.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"கையிலயே வாங்கிக்குங்க சார்."

வாங்கினேன். ஓரடி ஸ்கேல்தான். மறுமுனையை அவர் உடனே விடவில்லை.