முகவரி கட்டாயம்

"இந்தக் கட்டத்தை வெறுமனே விடக் கூடாதும்மா," என்றார் பதிவு அலுவலகக் கவுன்டருக்குள் இருந்த எழுத்தரம்மா.

தையற்காரி குனிந்து பார்த்தாள். கடையின் பெயர்: ஊசிநூல். அதற்குக் கீழே உரிமையாளரின் முழுப்பெயர், அடையாள எண், எல்லாம் நிரப்பியாயிற்று.

முகவரி மட்டும் காலி.

"கடைன்னு ஒண்ணு இல்லீங்க மேடம். போன்லதான் விக்கிறேன். குழந்தைங்க கவுன்."

"நீ எங்க உக்காந்து தைக்கிறியோ, அதான் கடை."

பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையின் முகவரியைப் போடலாமா என்று கேட்டாள். கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

செல்லாதாம். வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிற வீட்டைத்தான் எழுத வேண்டுமாம்.

"எழுதினா... யார் வேணா பாக்கலாமுங்களா?"

"பாக்கத்தானே போடறோம்? நெட்ல உன் பேரை அடிச்சா முகவரி வந்து நிக்கும். துணி கிழிஞ்சு வந்தா, வாங்கினவங்க யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவாங்க?"

"மறைச்சு வைக்க வழி இல்லீங்களா?"

எழுத்தரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கவுன் தைக்கிறியா, கள்ளநோட்டு அடிக்கிறியா? வீடு போட்டது போட்டபடி கிடக்குதுன்னு கூச்சமா? அதையெல்லாம் எவனும் பாக்க மாட்டான். எழுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

இன்றைக்குள் பதிவு எண் தராவிட்டால் கடையை நீக்கிவிடுவதாக, விற்பனைச் செயலியிலிருந்து மூன்று முறை எச்சரிக்கை வந்துவிட்டது. கடை போனால் அடுத்த மாதம் அந்த வீட்டில் இருக்கவும் வழியில்லை.

கதவு எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"ஏம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கல்ல?"

தெருவின் பெயரை எழுதினாள். பெற்ற தாய்க்குக்கூட மூன்று வருடமாகச் சொல்லாத தெரு.

முத்திரை விழுந்தது. சாயங்காலத்துக்குள் இணையத்தில் ஏறிவிடும் என்றார் எழுத்தரம்மா. "இனிமே நீயும் முதலாளிதான், போ."

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கவுனுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது போன் மணியடித்தது. புதிய ஆர்டர். பூப்போட்ட கவுன் ஒன்று.

வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

கீழே குறிப்பு இருந்தது.

"பாப்பா வளந்திருப்பா இல்ல? எட்டு வயசு அளவே தை. பார்சல் வேணாம். அப்பா நேர்லயே வர்றேன்னு அவகிட்ட சொல்லு."