மீதி மூன்று அடி

மாமியார் கதவின் அடியிடுக்கில் பழந்துணியைத் திணித்தாள். மருமகள் குனிந்து அதை உருவி எறிந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"தண்ணி உள்ள வரட்டும் அத்தை. வந்தாத்தான் கதவு தெறக்கும்."

அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடியில் இருந்த சாமான் அறை அது. பழைய தையல் மெஷினை எடுக்க இருவரும் மத்தியானம் இறங்கி வந்தபோது வெளியே மழை, அவ்வளவுதான். தெருவில் எந்தக் கால்வாய் உடைந்ததோ, வெள்ளம் ஒரே பாய்ச்சலாகத் தாழ்வாரத்தில் புகுந்து இரும்புக் கதவை அறைந்து சாத்திவிட்டது.

கைப்பேசிகள் இரண்டும் மேலே வீட்டில் சொகுசாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. கம்பி போட்ட காற்றுத் துவாரத்தின் வழியாகக் கத்திப் பார்த்தார்கள். அடைமழையில் யார் காதில் விழும்?

கதவு வெளிப்பக்கம் திறப்பது. தண்ணீர் அதை உள்ளே அழுத்திப் பிடித்திருந்தது. மேல்பகுதியில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் வெளித்தண்ணீரின் கோடு தெரிந்தது. ஆறடி. இப்போதைக்கு அங்கேயே நிற்கிறது. மறுபடி ஏறித் தாழ்வாரத்தின் கூரையைத் தொட்டுவிட்டால் அந்த வழியும் போச்சு.

மருமகள் கல்லூரியில் கணக்கு நடத்துபவள். ஓட்டைத் தொட்டி எத்தனை நேரத்தில் காலியாகும் என்ற வகைக்கெழுச் சமன்பாட்டைப் பதினோரு வருடமாகப் பலகையில் எழுதி அழித்தவள். இந்த அறையும் அதே தொட்டிதான், காலியாவதற்குப் பதிலாக நிரம்புகிறது. உள்ளும் வெளியும் ஒரே மட்டமானால் கதவின் மேல் பாரம் இருக்காது. நாலு விரல் வித்தியாசம் இருந்தாலும் அசையாது.

அறைக்குள் மூன்றடி ஏற எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

அப்படியானால் இன்னும் எட்டு நிமிடம் என்று மாமியார் விரல் மடக்கினாள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் செய்யும் அதே தப்பு. மட்ட வித்தியாசம் குறையக் குறையத் தண்ணீர் வரும் வேகமும் குறையும். மீதி மூன்றடிக்குப் பத்தொன்பது நிமிடம் வேண்டும்.

மருமகள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கிழவி மறுபடி துணியைத் தேடுவாள்.

மூலையில் கிடந்த பழைய மேசை மேல் இருவரும் ஏறி நின்றார்கள். எட்டு நிமிடம் கடந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று மாமியார் ஆரம்பித்தாள். மருமகள் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசி முக்கால் அடி மட்டும் பத்து நிமிடம் எடுத்து உயிரை வாங்கியது. ஏறுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பிறகு கண்ணாடியின் இரண்டு பக்கமும் கோடு ஒன்றானது. கணக்கு நிமிடம் பிசகவில்லை.

ஆனால் மருமகள் மேசையை விட்டு அசையவில்லை. கதவுக்கு அப்பால் நாற்பதடித் தாழ்வாரம், அதன் கடைசியில் படிக்கட்டு, வழி முழுக்க அவள் தலைக்கு மேல் தண்ணீர். அவள் கணக்குப் போட்டது கதவு வரைக்கும்தான். அவளுக்கு நீச்சல் தெரியாது.

மாமியார் சத்தமில்லாமல் தண்ணீரில் வழுக்கி இறங்கினாள். நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த உடம்பு. இரண்டே வீச்சில் கதவை அடைந்து தோளால் தள்ளினாள். அது சாதுவாகத் திறந்துகொண்டது.

அவள் அந்தப் பக்கம் போகாமல் மேசைக்குத் திரும்பி வந்தாள்.

இடுக்கில் துணி திணித்தது யாருக்காக என்று மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மல்லாந்து படு. பயத்துல என்னைக் கட்டிப் பிடிச்சுடாத."

மருமகள் மேசையிலிருந்து காலை எடுத்தாள்.