அலை மேல் கோடு

நேற்றுவரை பாறை முகத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அண்ணனுடைய குவாரி, அந்தப் பக்கம் தம்பியுடையது. உடைக்கப்போகிற பாறையிலேயே எல்லை போட்ட மகா புத்திசாலிகள். இன்று காலை வெடி வைத்ததும் கோடு தூளாகிவிட்டது. இப்போது உச்சி வெயிலில், சுண்ணாம்புத் தூசிக்கு நடுவே, அண்ணன் கடப்பாரையை ஓங்கி நிற்கிறான். காலடியில் தம்பி மல்லாந்து கிடக்கிறான், நெற்றி கிழிந்து.

"நாலு முழம் என் பக்கம் வந்து வெடிக்குத் துளை போட்டிருக்கியேடா."

"பெயிண்ட் அடிக்கிற சாக்குல போன மாசம் கோட்டையே நகத்தினவன் நீ. அடிண்ணே. அடிச்சிட்டு அண்ணிகிட்ட போய் என்ன சொல்றன்னு பாக்குறேன்."

கடப்பாரை இறங்குகிறது. தம்பி புரள்கிறான். இரும்பு அவன் காதை உரசிக் கல்லில் பாய, சரக்குப் பெட்டியின் மூடி கழன்றதுபோல் ஒரு பலகைக்கல் பெயர்ந்து விலகுகிறது. உள்ளே கடல். தண்ணீர்தான் இல்லை, சேற்றில் அலை விட்டுப்போன மடிப்புகள், வரிவரியாக, நடுவே நகமளவு சிப்பி. பல கோடி வருஷத்துக்கு முன்னால், யாருக்கும் பங்கு வைக்காமல் கடல் காலி செய்துவிட்டுப் போன இடம். மடிப்புகள் அண்ணன் பக்கமிருந்து தம்பி பக்கம்வரை ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. அண்ணன் கை தாழ்கிறது.

"இங்க கடலா இருந்துச்சு?" சண்டைக் குரல் இல்லை அது.

தம்பி முழங்கையை ஊன்றி எட்டிப் பார்க்கிறான். நெற்றியில் வழிகிற ரத்தத்தை விரலால் வழித்து, சிப்பிக்கு ஒரு சாண் தள்ளி, அண்ணன் பக்கமாக, அலைகளின் குறுக்கே நீளமாக இழுக்கிறான்.

"இருந்துட்டுப் போகட்டும். கோடு இங்கதான்."

அண்ணன் கடப்பாரையை மறுபடி தூக்குகிறான்.